கொண்டக்டரைத்தான் கூப்பிட்டேன்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாய் தகப்பனோடு சென்னைக்குப் போகிறாள். இப்போதெல்லாம் பலாலியில் விமானம் ஏறி, இடுப்புப் பட்டியைக் கட்டிக் கழற்றுவதற்குள் சென்னை வந்துவிடுகிறது. நேற்றுப் பின்னேரம் கொப்பியும் பேனையுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் என்ரை வயசிலை சென்னைக்குப் போனனீங்களாமே. என்னென்ன பாக்கவேணும்? சொல்லுங்கோ, எழுதுறன்."

கடற்கரை என்றேன். சாந்தோம் கோயில் என்றேன். "பிறகு?" என்றாள். பத்து நாள் நின்ற நகரத்தைப் பற்றி ஒரு கொப்பிப் பக்கத்தை நிரப்ப என்னால் முடியவில்லை. "பஸ்ஸிலை மட்டும் போகாதை" என்றேன். அவள் சிரித்தாள். போனிலேயே கார் பிடிக்கலாமாம். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கொப்பியோடு வரவில்லை.

நாங்கள் போனது சண்டை முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. சுற்றுலா என்பது விசாப் படிவத்தில் எழுதுவதற்கு. உண்மையில் அண்ணையைப் பார்க்கப் போனோம். அண்ணை பிரான்சுக்குப் போகும்போது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஆறு. அகதியாகப் பதிந்தவர் இலங்கைக்குத் திரும்பி வர முடியாது. எங்கள் ஊரான கொழும்புத்துறையில் நண்டும் றாலும் பிடிக்கிறவரின் குடும்பத்துக்குப் பிரான்ஸ் விசா கொடுக்க எவருக்கும் விசர் இல்லை. இரண்டு பகுதியும் வந்து சேரக்கூடிய இடமாகச் சென்னை இருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் சென்னை லாட்ஜுகளில் பத்து நாள் தாயாகவும் பிள்ளையாகவும் இருந்துவிட்டுப் பிரிந்தன.

அண்ணை, அண்ணை என்று எவ்வளவு சுகமாக எழுதுகிறேன் பாருங்கள். எழுதும்போது ஒரு கஷ்டமும் இல்லை.

நகரம் என்னை முதலில் மயக்கத்தான் செய்தது. கடைப் பலகை, பஸ், சுவர் எங்கு பார்த்தாலும் தமிழ் எழுத்து, ஆள் உயரத்துக்கு. சென்ற்ரி இல்லை, அடையாள அட்டையை நீட்டத் தேவையில்லை. கடலைப் பார்த்து அப்பா அப்படியே நின்றுவிட்டார். எங்கள் கடலில் கூப்பிடுதூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே வராது, அலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே கடல் எழும்பி நின்று அடித்தது. "உதுக்குள்ளை எப்பிடியப்பா வலை கட்டுறது?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். தமிழ் கதைக்கிற பொலிஸ்காரரை என் வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான் கண்டேன். கண்ட சந்தோஷம் அரை நாள்தான் நின்றது. மாலையில் அதே உடுப்பில் ஒருவர் லாட்ஜுக்கு வந்து, பாஸ்போட்டுகளை வாங்கி, ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று சுத்தத் தமிழில் விசாரித்தார். தமிழில் விசாரித்தாலும் விசாரணை விசாரணைதான்.

அதற்கு முதல் ஏறி இறங்கிய இரண்டு லாட்ஜில் "சிலோனா? ரூம் இல்லைங்களே" என்று சொல்லிவிட்டார்கள். சாவிகள் வரிசையாகத் தொங்கியதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அப்பா சட்டம் போட்டார்.

"வெளியிலை 'ஓம்' எண்டு சொல்லாதையுங்கோ. 'ஆமா' எண்டு சொல்லுங்கோ. அது வராட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

அம்மாவுக்கு அது வரவில்லை. முதல் நாளே கடையில் போய்ச் சவர்க்காரம், அதுதான் சோப்பு, கேட்டார். கடைக்காரர் அரைக் கிலோ சர்க்கரை கட்டிக் கொடுத்தார். குளிக்கப் போனவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியாது. நான் தேத்தண்ணி கேட்டால் "கேரளாவா பாப்பா?" என்றார்கள். தமிழைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த ஊரிலிருந்து போனவள் நான். என்னை மலையாளம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நாலு நாளில் நான் அநேகமாக ஊமையாகிவிட்டேன்.

அண்ணையோடு கதைக்காததற்கும் அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பலாம். அது பொய். விமான நிலையத்தில் நெற்றி ஏறிய, வயிறு வைத்த, வாசனை பூசிய ஓராள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் ஒரு நல்ல மீன் பொரிந்தால் அம்மா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, "என்ரை பிள்ளை அங்கை என்னத்தைத் தின்னுதோ" என்று அழுவார். அந்த மீனைத் தின்று வளர்ந்தவள் நான்தான். பக்கத்தில் இருந்த பிள்ளையை ஒருவரும் பிள்ளை என்று எண்ணவில்லை. போதாதற்கு எனக்கென்று ஒரு சோடி சப்பாத்து கொண்டுவந்திருந்தார், எட்டு வயதுப் பிள்ளையின் காலளவில். பெருவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். "வளந்திட்டாள் என்ன?" என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அண்ணை என்ற அந்தச் சொல் வாயில் வரவில்லை. வராத சொல்லைச் சுற்றிப் போக ஒரு வித்தை பழகிக்கொண்டேன். "சாப்பாடு வந்திட்டுதாம்." "அம்மா கூப்பிடுறா." "துவாய் கதிரையிலை கிடக்கு." விளிச்சொல் இல்லாமல், நீங்கள் நாங்கள் இல்லாமல், ஒரு நாள் முழுக்கக் குடும்பம் நடத்தலாம். இலக்கண வாத்தியார் கண்டிருந்தால் மெச்சியிருப்பார். அண்ணை அதைக் கவனிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் கை வேலையை நிறுத்திவிட்டு ஒரு கணம் காத்திருப்பார்.

நாலாம் நாள் சாந்தோம் கோயிலுக்குப் புறப்பட்டோம். மகனைக் கண்டால் அவனோடு சேர்ந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அம்மாவுக்கு நேர்த்தி இருந்தது. பஸ்ஸில் சரியான சனம். அம்மாவும் அப்பாவும் நானும் முன் பக்கம் நசுங்கிக்கொண்டு நின்றோம். அண்ணை பின்வாசலோடு அகப்பட்டுவிட்டார். சென்னையில் கொண்டக்டரும் பின்னால்தான் இருப்பார். யன்னலால் கோயிலின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது, பஸ் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. எங்கள் ஊரில் இறங்கவேண்டுமென்றால் கொண்டக்டரைப் பார்த்து எல்லாரும் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அப்பாவின் சட்டமெல்லாம் காற்றில் போக, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணை, இறக்கம்!"

பஸ் நிற்கவில்லை. பின்னாலிருந்து கொண்டக்டர், "இன்னா பாப்பா, ஏத்தமா எறக்கமா? ரோடு ஒழுங்காத்தானே கீது" என்றார். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளால் யாரோ இடித்துக்கொண்டு முன்னுக்கு வருவது தெரிந்தது. "கொஞ்சம் விடுங்கோ, கொஞ்சம் விடுங்கோ" என்று, அப்பாவின் சட்டத்தை அவரும் மறந்து, எங்களுடைய தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்களின் திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கண்ணாடி ஒரு காதில் தொங்க, என் முன்னால் வந்து நின்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதலும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"என்ன தங்கச்சி, கூப்பிட்டனியோ?"

ஓம் என்று ஒரு சொல் போதும். பொய்யாகவேனும் சொல்லியிருக்கலாம். பஸ் முழுக்கச் சிரித்த வெட்கமும், ஒன்பது வருடக் கோபமும், பதினைந்து வயதுத் திமிரும் சேர்ந்து என் வாயால் வந்தன.

"உங்களை இல்லை. கொண்டக்டரை."

"ஓ... சரி, சரி" என்றார். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பஸ் அடுத்த தரிப்பில் நின்றது. திரும்பி நடந்து வரும்போது அம்மா, "பாவமடி, அவன் நீ கூப்பிட்டதெண்டு நினைச்சிட்டான்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே சொன்னேன். கோயிலில் மூன்று பேர் மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் வெளியில் நின்றேன்.

மிச்ச ஆறு நாளும் அவர் என்னிடம் நல்லமாதிரித்தான் இருந்தார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், அளவான சப்பாத்து வாங்கித் தந்தார். ஆனால் நான் வாய் திறக்கும்போது காத்திருப்பதை விட்டுவிட்டார். போகிற அன்றைக்கு, "போட்டு வாங்கோ" என்றேன். "போட்டு வாங்கோ அண்ணையெண்டு சொல்லன், வாயிலை என்ன கொழுக்கட்டையே?" என்று அப்பா சினந்தார்.

"விடுங்கோ அப்பா. அடுத்தமுறை சொல்லுவாள்" என்றார் அவர்.

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. விசா, வேலை, கலியாணம், பிள்ளைகள், கொரோனா, பிறகு அம்மா வருத்தத்தில் படுத்தது. ஞாயிறு தோறும் போன் வரும். போனில் என் வித்தை இன்னும் சுலபமானது, "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிடும். அவர் கட்டியவவை முதல் நாளே அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். அது என்ன கணக்கென்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று வருடங்கள் போய்விட்டன. சென்னையில் உறவைப் பார்க்கப் போகும் காலமும் முடிந்துவிட்டது. இப்போது உடுப்பு எடுக்கப் போகிறார்கள்.

போன மாரிக்கு முதல் மாரி, அண்ணை வேலை செய்த உணவகத்துக் குசினியில் சரிந்து விழுந்தாராம். நெஞ்சு. அம்மா அதற்கு முதல் வருடமே போய்விட்டார், கொடுத்து வைத்தவர். செத்தவீட்டை அப்பாவும் நானும் போனில் பார்த்தோம். அப்பாவுக்குக் காது கேட்காது, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிகிற நேரம் அண்ணி போனைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனா.

"மூடப்போகினம். கடைசியாய் முகத்தைப் பாத்து ஏதும் சொல்லுங்கோ."

அண்ணை என்றேன். வந்தது. ஒரு தடையும் இல்லாமல் வந்தது. அண்ணை, அண்ணை, அண்ணை என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அப்பாவுக்கே கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றா அண்ணி. "நீங்கள் மியூட்டிலை நிக்கிறியள்."

அந்தச் சின்னப் படத்தைத் தேடி அமத்தினேன்.

"இப்ப கேக்குதோ?" என்றேன்.

அந்தப் பக்கத்தில் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.