சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

வெளிநாட்டில், மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் தனியாக இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நைஜீரியப் பாடகர். பகலெல்லாம் ஒரே ஆஃப்ரோபீட் பாட்டு. இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். வீட்டுச் சொந்தக்காரரான யாழ்ப்பாணத்து அண்ணரிடம் முறையிட்டேன்.

"தம்பி, அவற்ற ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போன ஆக்களின்ர பேரைத்தான் அவர் பாடுறார். அதுக்காக அவரையும் பிடிச்சு மறியலில அடைச்சு வைச்சவை," என்றார்.

வெட்கமாகிவிட்டது. அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களுக்கும் அப்படி யாராவது உண்டா?" என்று பாடகர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த நாட்டில் எல்லோரிடமும் நான் தனிப்பிள்ளை என்றே சொல்லிவந்திருக்கிறேன். அவரிடம் மட்டும், மன்னாரில் ராணுவம் பிடித்துக்கொண்டுபோன என் அண்ணனின் பெயரைச் சொன்னேன். அருளானந்தன்.

மறுநாள் பாட்டின் நடுவே, கொஞ்சம் பிழையான உச்சரிப்பில், அந்தப் பெயர் கேட்டது. அன்று நான் தூங்கவில்லை. பாட்டு முடிந்துவிடக் கூடாதே என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.