மாமிக்கு நான் திருத்திய வாக்கியம்

மாமி ஊரிலிருந்து எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அவருக்கு ஆங்கிலம் திருத்திக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. மாமி என் அம்மாவின் தம்பி மனைவி. பேஸ்மென்ட் அறையில் இருந்தார். மாமா போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அது அப்போது எனக்குத் தெரியாது. அலுவல் முடிந்ததும் அவரும் பிளேன் ஏறுவார் என்றே வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள்.

பகலில் மாமி ஆங்கில வகுப்புக்குப் போவார். சே, டெல், ஸ்பீக், டோக் என்ற நான்கும் அவரைப் படாத பாடு படுத்தின. "சொல்லுறது, கதைக்கிறது எண்டு ரெண்டோட நாங்கள் சீவிக்கேல்லையே? உவங்களுக்கு மட்டும் ஏன் நாலு?" என்று கேட்பார். எனக்கும் காரணம் தெரியாது. ஆனால் பிழை காதில் விழுந்தால் போதும், திருத்திவிடுவேன். அதில் அப்படியொரு சந்தோஷம்.

ஒரு நாள் ஸ்கூல் பஸ்ஸில் கிளவ்ஸைத் தொலைத்துவிட்டு வந்தேன். மாலை ஆகுமுன்பே இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். ஏச்சு விழும் என்று கைகளை ஜாக்கெட் பைக்குள் மறைத்தபடி நேரே கீழே இறங்கினேன். படியிலேயே மாமியின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், நிறுத்துவார், பிறகு மெல்லச் சிரிப்பார். அவருடைய போன் மேலே சார்ஜில் கிடந்ததை நான் கண்டிருந்தேன்.

அறையில் லைட் போடவில்லை. மாமி கட்டிலில் இருந்தார். எதிரே யாரும் உட்காராத ஒரு வெறும் கதிரை.

"ஆரோட கதைச்சனீங்கள், மாமி?"

"ஐ ஸ்பீக் டு யுவர் மாமா," என்றார், வகுப்பில் பதில் சொல்வதுபோல.

"வீட்டு ஆக்களோட எண்டால் டோக்தான் நல்லம். அவரும் திருப்பிக் கதைச்சால் டுவுக்குப் பதிலா வித் போடலாம்."

மாமி கதிரையை ஒருமுறை பார்த்தார். "அப்ப வித்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹீ செட் மீ, யூ லொஸ்ட் யுவர் கிளவ்ஸ்."

என் கைகள் இன்னும் பைக்குள்தான் இருந்தன. கிளவ்ஸ் தொலைந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் வாயில் முதலில் வந்தது திருத்தம்தான்.

"செட் மீ பிழை, மாமி. டோல்ட் மீ."

"ஹீ டோல்ட் மீ," என்றார் மாமி நிறுத்தி, அழகாக. சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் வெறுங்கைகளை வெளியே எடுத்துத் தட்டினேன்.

மேலே ஓடி, மாமிக்கு டெல் பிடிபட்டுவிட்டது என்றும், கிளவ்ஸ் பற்றி மாமா சொன்னதைப் பிழையில்லாமல் சொன்னார் என்றும் அம்மாவிடம் பெருமையடித்தேன். ஏச்சு விழவில்லை. அம்மா அடுப்பை அணைத்தார்.

"வேறை என்ன சொன்னவனாம்?" என்றார். நான் யோசித்துப் பதில் சொல்லுமுன் கீழே இறங்கிவிட்டார்.

நான் படியின் மேலே நின்றேன்.

"தம்பி, சாப்பிட்டனியோ?" என்று அம்மா கீழே யாரையோ கேட்டது காதில் விழுந்தது. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "ஓம்... ஓம். அதை நான் பாக்கிறன்," என்றார்.

அம்மாவும் மாமியைப்போல வெறும் கதிரையோடு கதைத்து ஆங்கிலம் பழகத் தொடங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். முழுக்கத் தமிழிலேயே கதைக்கிறாரே, இப்படியென்றால் எப்போது பழகி முடிப்பார் என்று எனக்குக் கவலையாக இருந்தது.