இரும்புப் பட்டை இல்லாத பெட்டி

ஜலஜா யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். டிவி பெட்டிகளைக்கூட முதுகுப் பக்கமாகத்தான் பார்ப்பாள். ஹவுராவில், ரயில்வே பணிமனைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில், அவளும் புருஷன் பரமசிவமும் பழைய டிவிகளைச் சேர்த்து சினிமா ஷூட்டிங்குக்கும் பூஜைப் பந்தலுக்கும் வாடகைக்கு விட்டார்கள். எல்லாம் மரக்கதவு வைத்த ஒரே மாடல். முன்னால் நின்றால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. திருப்பிப் பார்த்தால், கம்பெனி முதலில் செய்த லாட்டில் பின்மூடிக்குத் திருகாணி இருக்கும், பிற்பாடு வந்ததில் கிளிப்.

பரமசிவத்துக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஷெட்டுக்குள்ளேயே ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கட்டிலோடு கிடந்தான். அந்த இடத்தில் மாடிவீடு கட்ட ஒரு ப்ரொமோட்டர் குறிவைத்தான். ஜலஜா காலி செய்யவில்லை.

ஒரு மத்தியானம் அக்ஷய் இரண்டு ஆட்களோடும் இரும்புக் கம்பிகளோடும் வந்தான். முன்பு இவர்களுக்கு வேன் ஓட்டியவன்; அவளை வங்காளத்தில் 'மாஷி', சித்தி, என்றுதான் கூப்பிடுவான். இப்போது ப்ரொமோட்டரின் ஆள்.

"மாஷி, தள்ளிக்கோங்க. உங்க மேல எனக்கு கோவம் இல்ல. மாமாவைக் கட்டிலோட தூக்கி ரோட்டுல வெச்சிடறோம், அவ்வளவுதான்."

அவள் தடுப்பின் வாசல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு வழியை மறித்து நின்றாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. எழுந்து வந்து சட்டத்தை மறுபடி பற்றிக்கொண்டாள். அவன் அவள் விரல்கள் மேலேயே கம்பியால் அடித்தான். இரண்டு விரல்கள் வளைந்து தொங்கின. உள்ளேயிருந்து பரமசிவம் வாய் குழறி அவள் பெயரைச் சொல்ல முயன்றான்.

"பிடிவாதத்தைப் பாரு!" அக்ஷய் பெட்டிகள் பக்கம் திரும்பி ஒன்றை ஓங்கி அடித்தான். இன்னொன்றையும் அடித்தான். திரைகள் விரிசல் விட்டன. கண்ணாடி இருந்த இடத்திலேயே நின்றது.

"பாம் மாதிரி வெடிக்கும்னு பாத்தா புஸ்ஸுங்குது, தாதா!" கூட வந்தவன் சிரித்தான்.

"இதுக்கெல்லாம் மாஷிக்கு வலிக்காது. முதல் லாட் எங்கன்னு பாரு. ஷூட்டிங்காரங்க அதைத்தானே தேடி வருவாங்க."

அதை எப்படி அடையாளம் காண்பது என்பது வேன் ஓட்டிய நாளில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பினான். கிளிப். கிளிப். தடுப்பை ஒட்டியிருந்ததில் திருகாணி. அதன் திரையைத் தன் பக்கம் திருப்பி, கம்பியை ஓங்கினான்.

அவன் கேட்காத ஒன்று இருந்தது. பிந்திய லாட்டுகளில், உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்திருக்கும் திரைக்குழாயைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருக்கும். அடி விழுந்தாலும் அது கண்ணாடியைச் சிதறவிடாது. முதல் லாட்டில் பட்டை கிடையாது, திரைக்கு முன்னால் தனியாக ஒரு காப்புக் கண்ணாடிதான். அதைக் கழுவுவதற்காகக் காலையில் அவளே கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தாள்.

"அக்ஷய், வேணாம்! அதுல பட்டை இல்லடா, சிதறி மூஞ்சிக்கு வரும்!"

அந்த ஷெட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இப்பதான் வாய் திறக்குது. இதுதான் வலிக்குது."

"உங்கம்மா மேல சத்தியமா சொல்றேன்டா!"

அவன் சிரித்துக்கொண்டே ஓரடி முன்னால் வந்தான். கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை எட்டாது. கட்டில் எட்டும். உள்ளே பாய்ந்து புருஷன் மேல் கவிழ்ந்து, அவன் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

ஷெட் அதிர்ந்தது. தடுப்பின் வாசல் வழியே பாய்ந்து வந்த சில்லுகள் அவள் முதுகிலும் கெண்டைக்காலிலும் ஏறின. பிறகு அக்ஷய் அலறினான். மற்ற இரண்டு பேரும் ஓடுவது கேட்டது.

பரமசிவத்தின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. எழுந்து வெளியே வந்தாள். அக்ஷய் மண்டியிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது.

"மாஷி... கண்ணு, மாஷி..."

"தேய்க்காதே. கையை எடு. தேய்க்காதேன்னு சொல்றேன்ல."

இந்தத் தடவை கேட்டான். அவள் காலால் கம்பியை அவனுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, வாசலைப் பார்த்து உரக்க ஆள் கூப்பிட்டாள்.