பேணியின் பின்பக்கம்

எங்கள் ஒழுங்கைக் கடைக்காரர் நடராசா பயப்படும் ஒரே ஆள் மார்கிரட்தான். அவள் கடன் கேட்கமாட்டாள், விலையும் பேசமாட்டாள். சாமானைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பின்பக்கத்தைத் திருப்பி வாசிப்பாள். வெளிநாட்டுப் பெயர் கண்ணில் பட்டால் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"எங்கடை வெங்காயம் இல்லையோ அண்ணை?"

"முடிஞ்சுது. இந்தியன் வெங்காயம் கிடக்கு. கறிக்கு ரண்டும் ஒண்டுதானே பிள்ளை."

"எங்கடை கடல்லை வந்து மீனை அள்ளிக்கொண்டு போறது காணாதெண்டு, வெங்காயத்தையும் அவையளிட்டையே வாங்கச் சொல்லுறியளோ?"

நடராசா தலையைச் சொறிவார். அவள் வெறுங்கையோடு போவாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கொடிகாமம் சந்தைக்குப் போய், அரை உரப்பை வெங்காயத்தோடு வருவாள். பஸ்காசைச் சேர்த்தால் என்ன விலை விழுகிறது என்று நான் கேட்டால் கோபம் வரும்.

அவளுக்கு வயது ஐம்பத்தேழு. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, குருநகரிலேயே கட்டி, ஒன்பது வருடங்களுக்கு முன் புருஷனைக் குருநகர்ச் சவக்காலையிலேயே அடக்கம் செய்தவள். ஒரே மகள் கிறிஸ்ரினா மன்னாரில் குடும்பமாக இருக்கிறாள். நான் அடுத்த வீடு. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பொறுமை இல்லாத மனுஷி என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில் என் நெஞ்சளவுதான். அதனால் அந்த வீட்டுக் கதை எதுவும் எனக்குத் தப்பியதில்லை.

பின்பக்கம் பார்க்கும் பழக்கத்தை அவளுக்குப் பழக்கியது அவளுடைய அண்ணன் சிமியோன். முப்பத்தொரு வருடங்களாக அமெரிக்காவில் லொறி ஓட்டியவர். அந்த நாட்டுப் பிரஜை, அந்த நாட்டு வாக்காளர். தினமும் எங்களுக்குப் பொழுதுபடும் நேரத்தில் போன் எடுப்பார். மார்கிரட் வேலையால் வந்து, வீங்கின காலைக் கதிரையில் தூக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். போன் ஸ்பீக்கரில் கிடக்கும். ஒழுங்கை முழுவதற்கும் அமெரிக்க அரசியல் விளங்கும்.

"முந்தி நான் சாமான் ஏத்தின ஏழு பக்ரறியிலை ஐஞ்சு இப்ப பூட்டு, பிள்ளை. மலிவு மலிவெண்டு வெளியிலை வாங்கினதாலை வந்த வினை. ஒரு நாடெண்டால் தன்ரை சாமானைத் தான் வாங்கோணும்."

"ஓம் அண்ணை."

"இஞ்சை இன்னொரு கூட்டம், எல்லாருக்கும் அரசாங்கம் சும்மா மருந்து குடுக்கோணுமெண்டு நிக்குது. உழைக்கிறவனிட்டைப் பிடுங்கி உழைக்காதவனுக்குக் குடுக்கிறது நீதியோ?"

"இல்லைத்தான் அண்ணை."

அவரை எனக்குப் பிடிக்காது. முப்பத்தொரு வருடமாகக் கதைக்கிற மனிதர், தங்கச்சியைக் கதைக்க விட்டதில்லை. ஆனால் அவர் வாய்க்கு ஒன்றும் கைக்கு ஒன்றுமாக இருக்கிறவர் இல்லை. ஒரு நாளும் ஒரு சதம் அரச உதவி வாங்காமல், முதுகு முறிய ஓடி உழைத்தவர். அதை நான் மறுக்கமாட்டேன்.

மார்கிரட்டும் தலையாட்டிப் பொம்மை இல்லை. "அவர் சொல்லுறதிலை என்ன பிழை, ரீச்சர்? தன்ரை வீட்டுச் சட்டியைத் தான் முதல் பாக்கத்தானே வேணும்" என்பாள். உண்மையாகவே நம்பினாள்.

இனி அவளுடைய வேலையைச் சொல்ல வேண்டும். நகருக்கு வெளியே உள்ள ஒரு நண்டுக் கொம்பனியில் இருபத்தொரு வருடங்களாக நண்டு உடைத்தாள். விடிய முன் ஒழுங்கை முகப்பில் கொம்பனி பஸ் வந்து நிற்கும். அவித்த நண்டை ஓடு உடைத்து, சதையைச் சிதறாமல் எடுத்து, ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவி, பழுதா என்று மூக்கால் பார்த்து, ரகம் ரகமாகப் பிரித்து வைக்க வேண்டும். நின்ற நிலையில் எட்டு மணித்தியாலம். பழுதான நண்டை மணத்தில் பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை என்று மேற்பார்வையாளரே சொல்வாராம். அந்தச் சதை அடுத்த மண்டபத்தில் தகரப் பேணிக்குள் போகும். நீலப் பேணி, முன்னால் கடற்கரை வெளிச்சவீட்டுப் படம். பேணிகள் எல்லாம் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போகும்.

அண்ணனுக்கு இது தெரியாது. தங்கச்சி "கொம்பனியிலை" வேலை செய்கிறாள் என்று தெரியும். என்ன கொம்பனி என்பது அவர் கேட்காத கேள்வி.

போன வருடம் சித்திரை மாதம், அங்கத்தைய அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்கெல்லாம் வரி போட்டது. சிமியோனின் குரலில் கொண்டாட்டம். "இப்பதான் ஒருத்தன் துணிஞ்சிருக்கிறான், பிள்ளை!" மார்கிரட்டும் சந்தோஷப்பட்டாள். இரண்டு மாதம் போக, கொம்பனி பஸ் கிழமைக்கு மூன்று நாள்தான் வரும் என்று அறிவித்தார்கள். அங்கே வாங்குகிறவர்கள் குறைத்துவிட்டார்களாம்.

அந்தக் கிழமை சிமியோன் வீடியோவில் வந்தார். நான் அப்போது அவளுடைய குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். ஏதோ பெரிய கடைக்குள் நின்றார். முகம் இளைத்துக் கிடந்தது.

"டிசம்பரிலை நத்தாருக்கு நத்தார் நான் இஞ்சை கூழ் காய்ச்சிறது தெரியும்தானே? இந்த நண்டுப் பேணிதான் போடுறனான்." நீலப் பேணியைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். வெளிச்சவீடு தெரிந்தது. "முந்தி ஒரு நாளும் பின்பக்கம் பாக்கேல்லை. இண்டைக்கு விலை ஏறிக் கிடக்கெண்டு திருப்பிப் பாத்தால், சிறீலங்கா எண்டு போட்டிருக்கு!"

மார்கிரட் கையிலிருந்த கத்தியை வைத்தாள்.

"திருப்பி வைச்சிட்டன், பிள்ளை. பிறந்த ஊரெண்டாலும் கொள்கை கொள்கைதான். இஞ்சத்தைத் தமிழ்ச் சங்கத்துப் பெடியளுக்கும் வாங்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"ஓம் அண்ணை," என்றாள் அவள்.

போனை வைத்த பிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் முருங்கையிலையைக் கழுவிக்கொண்டே, "அவரிலை என்ன பிழை, ரீச்சர்? நான் நடராசா அண்ணையின்ரை கடையிலை செய்யிறதைத்தானே அவர் அங்கை செய்யிறார்" என்றாள். அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

ஆடியில் எங்கள் யாகப்பர் கோயில் திருவிழாவுக்கென்று சிமியோன் வந்து இறங்கினார். ஒரு சூட்கேஸ், சொக்லேற் பொதி, வீட்டுக்குள்ளும் கழற்றாத சப்பாத்து. வந்த மூன்றாம் நாள் மார்கிரட் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"அண்ணை, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"பழுது மணக்குது. கழட்டுங்கோ."

இடது கால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. வேலை போய் ஒரு வருடம். வேலையோடு மருத்துவக் காப்புறுதியும் போய்விட்டது. சொந்தமாக எடுக்கக் கேட்ட தொகை அவரால் கட்டக்கூடியதாக இல்லை. அரசாங்கக் காப்புறுதி அறுபத்தைந்து வயதுக்குப் பிறகுதானாம், அவருக்கு அறுபத்துமூன்று. சீனி வருத்தத்துக்குப் போடுகிற இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டு நாளைக் கடத்தியிருக்கிறார். மனைவி மேர்சிக்குக்கூடச் சொல்லவில்லை.

முதலில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் போவேன் என்று நின்றார். போனார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார். அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று மார்கிரட் சொன்னபோது மறுத்தார்.

"சும்மா தாற மருந்து எனக்கு வேண்டாம். வாழ்க்கையிலை நான் சும்மா ஒண்டும் வாங்கினதில்லை."

அவள் அண்ணனுக்கு முன்னால் குரலை உயர்த்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஆர் சும்மா எண்டது? ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் வரி கட்டுறன். ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வாங்கினாலும் கட்டுறன். இருபத்தொரு வருசம் நிண்டு உழைச்ச காசிலை கட்டியிருக்கிறன். நான் கட்டினதிலை நீங்கள் போய்ப் படுங்கோ!"

சிமியோன் கறுத்த விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்பிடியெண்டால் சரி" என்றார். மனிதருக்குக் கணக்குச் சரிவந்தால் போதும், தலை வணங்குவார்.

பிறந்த ஊரில் காணி வைத்திருக்க எடுத்த இரட்டைக் குடியுரிமை அன்றைக்கு வேறு தேவைக்கு உதவியது, வெளிநாட்டுக்காரர் என்று காசு கேட்கவில்லை. விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றினார்கள். பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தார். மார்கிரட் பஸ் வராத நாள்களில் பகல் முழுக்க அவரோடு இருந்தாள். பஸ் வந்த நாள்களில் வேலை முடிந்த கையோடு, நண்டு மணக்கிற கையோடு, சோற்றுப் பார்சல் கொண்டு ஓடினாள்.

"உனக்கு நல்ல கொம்பனி, பிள்ளை," என்றார் ஒரு நாள். "இவ்வளவு லீவு தருகினம்."

"ஓம் அண்ணை, நல்ல ஆக்கள்," என்றாள். எனக்கு வாய் துருதுருத்தது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் கூழ் குடிக்க ஆசைப்பட்டார். அந்த மாதம் குருநகர்ச் சந்தையில் நண்டு கொள்ளை மலிவு. கொம்பனிகள் எடுப்பதைக் குறைத்ததால், ஏற்றுமதிக்குப் போகிற பெரிய நண்டெல்லாம் சந்தையில் வந்து கிடந்தது. சிமியோனுக்குச் சந்தோஷப் புளுகம்.

"பாத்தியோ? ஊர்ச் சாமான் ஊர்ச் சனத்துக்கு வந்திட்டுது. நான் சொல்லேல்லையோ?"

வழமையாகக் கூழுக்கு நண்டை ஓட்டோடுதான் போடுவோம். அண்ணனுக்குக் கடிக்கக் கஷ்டம் என்று அன்றைக்கு அவள் அவித்த நண்டிலிருந்து சதையை எடுத்துப் போடத் தொடங்கினாள். அவர் வாங்குப் பலகையில் காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது அவளுக்கு நினைவில்லை. விரல்கள் பழக்கத்தில் போயின. ஒரு திருப்பு, ஒரு நெரிப்பு, முழுக்கட்டியாகச் சதை கோப்பையில் விழுந்தது. விழுந்ததை எடுத்து மணந்து பார்த்து வைத்தாள். அடுத்தது. அடுத்தது.

"பேணிக்குள்ளை உப்பிடித்தான் முழுசு முழுசா இருக்கும்," என்றார் சிமியோன். சொல்லிவிட்டு நிறுத்தினார். அவளுடைய விரல் நுனிகளைப் பார்த்தார். ஓடு கிழித்த தழும்பு இல்லாத விரல் ஒன்றும் அவளிடம் இல்லை.

"நீ என்ன கொம்பனியிலை வேலை செய்யிறாய்?"

அவள் நிமிரவில்லை. "நண்டுக் கொம்பனி."

"நீலப் பேணியோ?"

"ஓம் அண்ணை."

அடுப்பில் கூழுக்குக் கரைத்த பனங்கிழங்கு ஒடியல் மா கொதித்துத் தெறித்தது. நான் போய்த் துழாவினேன், வேறென்ன செய்ய.

"அப்ப இந்த லீவெல்லாம்..." முடிக்காமல் விட்டார். நீட்டின காலை இறக்கிவிட்டு, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, அண்ணை."

குற்றமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னாள். அவர் கூழை வாங்கினார், குடித்தார், நல்லாயிருக்கு என்றார். மற்ற வேளைகளில் மூன்று தரம் வாங்குகிற மனிதர், ஒரு தரத்தோடு எழும்பிவிட்டார்.

புறப்படும் நாளில் வாசலில் நின்று சொன்னார்: "நான் சொல்லுறதிலை பிழையில்லை, பிள்ளை. நாடு தன்ரை சாமானை வாங்கத்தான் வேணும். நான் இப்பவும் அதைத்தான் சொல்லுவன்." பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். நானும் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஐப்பசியில் கொம்பனியை மூடினார்கள். மார்கிரட் இப்போது செத்தல் மிளகாய் வறுத்து இடித்து, பைக்கற் பண்ணி, நடராசாவின் கடைக்குக் கொடுக்கிறாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்து கிடக்கும்.

அண்ணன் இன்னமும் தினமும் பொழுதுபட எடுக்கிறார். அரசியல் இல்லை. இப்போது அவர்தான் கேட்கிறார்.

"இண்டைக்குப் பஸ் வந்ததோ, பிள்ளை?"

"வந்தது அண்ணை."

"இந்தக் கிழமையும் ரண்டு நீலப் பேணி வாங்கினன். விலைதான், பறவாயில்லை. ஒராள் வாங்கினாலும் வாங்கினதுதானே. சங்கத்துப் பெடியளுக்கும் சொல்லியிருக்கிறன்."

முதல் நாள் இதைக் கேட்டபோது நான் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கத்தினேன். உண்மையைச் சொல்லு, கடையில் மிஞ்சிக் கிடக்கிற பழைய பேணிக்கு அந்த மனிதர் காசைக் கொட்டுகிறார், அந்தக் காசுக்கு ஊசி வாங்கட்டும் என்றேன். அவள் உரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னால், தான்தான் என்ரை வேலையைக் கெடுத்தவர் எண்டு நினைச்சு உருகிப் போவார், ரீச்சர். போன் எடுக்கவும் மாட்டார். முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு இப்பதான் என்னைப் பற்றிக் கேக்கிறார்."

அதற்காக அவள் சும்மாவும் விடுவதில்லை. போனை வைக்கமுன் தினமும் தன் பங்குக்கு ஒன்று கேட்பாள்.

"அண்ணை, ஊசி முழுசாப் போடுறியளோ?"

"ஓம் பிள்ளை. முழுசாத்தான் போடுறன்."

நேற்றும் அப்படித்தான் கேட்டாள், அவரும் அப்படித்தான் சொன்னார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பேணி என்ன விலை, ஊசி என்ன விலை, வேலையில்லாத மனிதரின் கையில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவள் நான். அவளுடைய பஸ்ஸும் வரவில்லை, அவர் ஊசியும் முழுதாகப் போடவில்லை.