மெஷின்காரர் போட்ட அறிவிப்பு

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை போகும் ரயிலில் எனக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, சட்டைக் காலரில் வைக்கோல் தூசி. அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். போனில் ஏஐ உதவியாளரிடம் பேசியே தன் இணையதளத்தை மாற்றிக்கொண்டிருந்தார். எழுதியதைப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பார்.

"தம்பி, குத்தாலத்துல மெஷின் படுத்துடுச்சு. முதல் பக்கத்துல போடு."

"'விரைவில் உங்கள் வயலுக்கு வருவோம்' என்று எழுதியிருக்கிறேன்," என்றது போன்.

"அய்யய்யோ, அதை நம்பி உக்காந்திருப்பாங்கப்பா! இந்த வாரம் வராதுன்னு போடு. ஆடுதுறைக்காரர் நம்பரையும் பெருசா போடு."

"அது வேறொரு வாடகை நிறுவனத்தின் எண். உங்கள் தளத்தில் வெளியிடட்டுமா?"

"அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இருந்தாலும் போடு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கேட்டேன்: "உங்க வாடிக்கை அவர்கிட்ட போயிடாதாங்க?"

"போவும்தாங்க. ஆனா மழை புடிச்சா, சாஞ்ச நெல்லு வயல்லயே முளைச்சிடுமே."

அவர் குத்தாலத்தில் இறங்கிய பிறகு அவர் போன் திரையில் பார்த்திருந்த அந்தத் தளத்தை என் போனில் திறந்தேன். ஆடுதுறைக்காரரின் எண் பளிச்சென்று தெரிந்தது. மெஷின்காரருடைய சொந்த எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் குறித்துக்கொண்டேன்.