அண்ணன் மூக்கும் என் மூக்கும்: செம்பூர்ப் பயணம், மார்ச் 1966

மூக்கில் செய்த அழகு சிகிச்சை பிசகிப்போய், அதைத் திருத்திக்கொள்ள பம்பாய் செல்லவிருக்கும் இருவர் என்னிடம் விவரம் கேட்டிருந்தார்கள். கட்டணங்கள் மாறியிருக்கும்; மற்றவை மாறியிரா.

1964 மே மாதம், பெண் பார்க்கப் போகுமுன், சென்னையில் என் மூக்கின் மேட்டைச் செதுக்கிக்கொண்டேன். பழைய முகம் இருந்த படங்களை எல்லாம் கிழித்தேன். செதுக்கியது அளவு மீறிவிட்டது. மூக்குத்தண்டு உள்வாங்கி, மூச்சு அடைத்தது, மணம் தெரிவதும் போயிற்று. தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்த என் அண்ணன் தங்கராஜ், அப்பாவின் மூக்கை அவமதித்துவிட்டதாகக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

மார்ச் 7, திங்கள் காலை தாதரில் இறங்கினேன் (ரயில் நாற்பது நிமிடம் தாமதம்). மாட்டுங்காவில் அறை, நாளுக்கு நான்கு ரூபாய். பக்கத்திலுள்ள கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் மருத்துவமனைக்குப் பேருந்தில் முப்பது காசு. மருத்துவர், விலாக் குருத்தெலும்பை வைத்து மூச்சைத் திறக்கலாம், ஆனால் பழைய வடிவம் தெரிய வேண்டும் என்றார். படம் இல்லை என்றேன். உடன்பிறந்தவர் எவருக்கேனும் அதே மூக்கு உண்டா என்று கேட்டார்.

மாலையில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம், வாயால் மூச்சு வாங்க நான்கு முறை நின்றதையும் சேர்த்து. அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார்.

"எங்கப்பன் மூக்கு ஒனக்குக் கொள்ளாமப் போச்சு. இப்ப யாரு மூக்கக் கேட்டு வந்திருக்க?"

"ஒங்க மூக்கத்தாண்ணே."

மருத்துவர் கேட்டதைச் சொல்லியும் அவர் அசையவில்லை. மதினிதான் உள்ளிருந்து சொன்னார்: "கழத்தியா குடுக்கப் போறிய? போய் உக்காந்துட்டு வாங்க."

மறுநாள் அண்ணன் விடுப்பெடுத்து, ஞாயிறு ஆராதனைக்கு அணியும் சட்டையில் வந்தார். பேருந்தில் சன்னலோரம் தமக்கே வேண்டும் என்றார். மருத்துவர் அளந்து வரைந்த இருபது நிமிடமும் சிலைபோல் இருந்தார். எழுந்தபோது என்னிடம் மெதுவாக, "ஏல, அந்த மேட்டையும் வைக்கச் சொல்லு. கொஞ்சமாச்சும்," என்றார். சொன்னேன்.

வியாழன், மார்ச் 10 அன்று சிகிச்சை. திங்களன்று மூக்கில் அடைத்திருந்த பஞ்சை உருவியபோது அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்து கட்டிலருகே நின்றிருந்தார். இரண்டாண்டுக்குப்பின் முதலில் எனக்கு எட்டியது அவர் சட்டையின் தோல் வாடை. நான் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டார்.

"நாறுதாலே?"

"நாறுதுண்ணே."

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

ஆகவே செல்வோருக்கு: பழைய படங்களைக் கிழிக்காதீர்கள். கிழித்துவிட்டிருந்தால், உடன்பிறந்தவரை அழைத்துச் செல்லுங்கள். சன்னலோர இருக்கையை அவருக்கே கொடுங்கள்.