இருபத்தாறில் நின்ற எண்

மகள் செய்த பேட்டரியின் சூட்டைப் பேருந்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். ஆனைக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகையில் அது இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் விளக்கும் இணையமும் அதில்தான். அதன் செல்களோடு தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை இணைத்து, வோல்ட்டும் வெப்பமும் என் போனுக்கு வரும்படி செய்து தந்தவளும் அவள்தான். வண்டிப்பெரியாரில் நான் பாடம் நடத்தும் பள்ளிவரை அந்த எண்கள் கூடவே வரும்.

இதற்கு முன் அவள் செய்த பேட்டரி, அவள் படுக்கும் அறையிலேயே புகைந்தது. இனிப்பான, தொண்டையைப் பிடிக்கிற வாடை. சாக்கைப் போட்டு இழுத்து முற்றத்து மழையில் தள்ளினாள். வெந்த இரண்டு விரல்களும் அவளுக்கு ஆறிவிட்டன. எனக்கு ஆறவில்லை. ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் புகை கிளம்பினால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

"என்ன டீச்சர், எப்பவும் போனையே பாக்கீங்க?" என்று ஒருநாள் பக்கத்து இருக்கை அக்கா கேட்டார். எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்.

"வீட்டு பேட்டரிக்கு எவ்வளவு சூடுன்னு பாக்கேன்க்கா."

"அதுக்கும் காய்ச்சல் வருமா? கஞ்சி வச்சுக் குடுங்க."

அன்று மதியம் மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. கடைசி வரிசைப் பிள்ளைகள் குரலாக மட்டும் இருந்தார்கள். போனில் இருபத்தாறு டிகிரி. அடுத்த பாடவேளையிலும் அதே. கொட்டகையில் ஏதோ ஒன்று நிம்மதியாகத் தூங்குவதுபோலத் தோன்றியது. மாலைப் பேருந்தில் தேயிலைச் சரிவுகள் வெண்மைக்குள் போய்விட்டிருந்தன. பாதை இருக்கிறதா என்றே தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். நெடுநாளுக்குப் பின் உடம்பு கனமில்லாமல் இருந்தது.

குமுளி தாண்டியபோதுதான் உறைத்தது. புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கம் எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கும். மதியத்திலிருந்து அது அசையவே இல்லை. மகளை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

நிறுத்தத்திலிருந்து எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. கவிழ்த்த கூடைமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். போர்டு மடியில் கிடந்தது.

"என்னம்மா, ஓடியா வந்த?"

"போன் எங்கட்டி?"

"உள்ள சார்ஜ்ல கிடக்கு."

என் போனை நீட்டினேன். பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"மத்தியானமே போர்டக் கழட்டிட்டேம்மா, புரோகிராம் மாத்த. இது கடைசியா வந்த நம்பர். அப்படியே நிக்கி. நல்லா இருக்குன்னு நெனச்சியாக்கும்?"

"ஆமா."

"நல்லா இருந்தா ஆடிக்கிட்டே இருக்கும்."

"சேதி வரலன்னா சத்தம் போடுற மாதிரி வையேன்."

"சைரன் வச்சா நீ நடுவழியில பஸ்ஸ நிறுத்திருவ."

அதற்குப் பதிலாக, சேதி நின்றால் எண்கள் சாம்பல் நிறமாக மாறும்படி வைத்தாள். மலைப்பாதையில் சிக்னல் இல்லாத வளைவுகள் நிறைய. ஒவ்வொன்றிலும் திரை வெளிறிப்போகிறது. பனிக்குள் எங்கோ வீடு இருக்கிறது, அவளும் இருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பேருந்தை நிறுத்தச் சொல்லாமல், முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வளைவு முடியும்வரை உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.